குழந்தைகளுக்கு மருந்து புகட்டுதல்

குழந்தைகளுக்கு மருந்து புகட்டுதல் என்பது நோயுற்ற கைக்குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட சிறு குழந்தைகளுக்கும் வாய்வழியாக மருந்து கொடுப்பதைக் குறிக்கும். பெரியவர்களைப் போல மாத்திரையை விழுங்கவோ, கசப்பைப் பொறுத்துக்கொள்ளவோ, மருந்தின் தேவையைப் புரிந்துகொள்ளவோ இவ்வயதினரால் இயலாது. எனவே மருந்தின் வடிவம், சுவை, அளவு, கொடுக்கும் கருவி, கொடுப்பவரின் பொறுமை ஆகிய அனைத்தும் சிகிச்சையின் பகுதிகளாகின்றன.

குழந்தை மருந்தைக் குடித்துவிட்டது என்பது மட்டும் வெற்றி ஆகாது. அந்த மருந்து உண்மையில் தேவையானதாக இருக்க வேண்டும். எடைக்கேற்ற சரியான அளவில் இருக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் செல்லாமல் இரைப்பையைச் சேர வேண்டும். மருத்துவர் கூறிய நாட்கள் வரை தொடர வேண்டும். இவற்றுள் முதல் நிபந்தனை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 2025 ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த நிகழ்வு அதன் முக்கியத்துவத்தை உணர்த்தியது.

மரபு முறைகள்

தமிழகத்தில் குழந்தைகளுக்குப் பாலும் மருந்தும் புகட்டப் பயன்பட்ட கருவிகள் சங்கும் பாலாடையும் ஆகும். பாலாடை என்பது ஒரு பக்கம் நீண்ட மூக்கு உடைய சிறு கிண்ணம். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் ஆகியவற்றால் செய்யப்படும். குறைமாதத்தில் பிறந்த, முலைப்பாலை உறிஞ்ச வலுவில்லாத குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைக் கறந்து புகட்ட மருத்துவமனைகளிலும் இது பயன்படுகிறது.

சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களைக் கூறும் பிரிவு பாலவாகடம் எனப்படும். இம்மருத்துவத்தில் மருந்தை நேரடியாகக் கொடுக்காமல் தேன், நெய், தாய்ப்பால், வெந்நீர் போன்ற ஒன்றில் குழைத்துக் கொடுப்பர். இத்துணைப்பொருள் அனுபானம் எனப்படும். கசப்பை மறைப்பதும் விழுங்குவதை எளிதாக்குவதும் இதனால் கிடைக்கும் பயன்களாகும்.

மருந்தைப் பல வடிவங்களில் ஆக்கி வைக்கும் வழக்கம் இப்பகுதியில் பழமையானது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் வீரராசேந்திர சோழர் காலக் கல்வெட்டு, 11 ஆம் நூற்றாண்டில் அங்கு 15 படுக்கைகளுடன் இயங்கிய ஆதுலர்சாலையைப் பற்றிக் கூறுகிறது. அங்கு இருப்பில் வைக்கப்பட்ட மருந்துகளின் பட்டியலில் நெய் வடிவிலான கிருதம், எண்ணெய் வடிவிலான தைலம், உருட்டிய வடகம் ஆகியவை இடம்பெற்றுள்ளன.

வீடுகளில் உரைமருந்து கொடுக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. சுட்ட வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு போன்றவற்றைக் கல்லில் தாய்ப்பால் அல்லது நீர் விட்டு உரைத்து, அந்த விழுதைக் குழந்தையின் நாவில் தடவுவர். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்ற பெயரே உண்டு. ஆனால் உரைக்கும் அளவு கைக்குக் கை மாறுபடும். கல்லும் கையும் தூய்மையாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். பிறந்து ஆறு மாதங்கள் வரை தாய்ப்பாலும் மருத்துவர் பரிந்துரைத்த மருந்தும் தவிர வேறெதுவும் தரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாகும்.

மரபு முறைகளுள் ஆபத்தானது, கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையை அவற்றின் மீது மல்லாத்திக் கிடத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவது. மூச்சுக்காகத் திணறும் குழந்தை வாயைத் திறக்கும்போது மருந்து மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். விளக்கெண்ணெய், நெய் போன்றவை இவ்வாறு நுரையீரலை அடைந்தால் எண்ணெய் நிமோனியா உண்டாகிறது. எண்ணெய் இருமலைத் தூண்டாமலேயே உள்ளே இறங்கக்கூடியது என்பதால் வீட்டார் அதை உடனே அறிவதில்லை. தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்நோய் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழில் 1973 ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியானது.

குழந்தைகள் மருந்தை மறுப்பதற்கான காரணங்கள்

குழந்தை மருந்தைத் துப்புவது பெரும்பாலும் பிடிவாதத்தால் அன்று. அதற்கு உடலியல் காரணங்கள் உள்ளன.

கசப்பு: இயற்கையில் நச்சுப்பொருட்கள் பல கசப்பானவை. கசப்பை உமிழ்வது பிறவியிலேயே அமைந்த தற்காப்பு. பெரியவர்களை விடக் குழந்தைகள் கசப்பைக் கூர்மையாக உணர்வதாகவும், இனிப்பை அதிகம் விரும்புவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன.

விழுங்கும் திறன்: திடப்பொருளை மெல்லாமல் விழுங்கும் திறன் மெல்ல வளர்வது. பெரும்பாலான குழந்தைகளால் ஐந்து, ஆறு வயதுக்கு முன் முழு மாத்திரையை விழுங்க இயலாது.

நோயின் தாக்கம்: தொண்டைவலி, குமட்டல், மூக்கடைப்பு ஆகியவை விழுங்குவதைக் கடினமாக்கும். மூக்கடைத்த குழந்தை வாயால் மூச்சுவிடுவதால், ஒரே நேரத்தில் குடிக்கவும் மூச்சுவிடவும் திணறும்.

அச்சம்: முதல் முறை வலுக்கட்டாயமாக ஊற்றப்பட்ட குழந்தை, அடுத்த முறை மருந்துப் புட்டியைக் கண்டதுமே அழத் தொடங்கும். அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்குப் புரையேறும் வாய்ப்பு அதிகம்.

மருந்தின் வடிவங்கள்

சிறு குழந்தைகளுக்கான மருந்துகள் சொட்டு மருந்து, சிரப், நீர் கலந்து தயாரிக்கும் உலர் சிரப், நீரில் கரையும் மாத்திரை, பொடி ஆகிய வடிவங்களில் கிடைக்கின்றன.

உலர் சிரப்பில் கொதிக்க வைத்து ஆறிய நீரைப் புட்டியில் குறிக்கப்பட்ட கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கிய பின் மட்டம் குறைந்திருந்தால் மீண்டும் கோடு வரை நீர் சேர்க்க வேண்டும். நீர் கூடினால் மருந்தின் செறிவு குறையும். நீர் குறைந்தால் செறிவு கூடும். கலந்த பின் சில நாட்களுக்கு மட்டுமே அது கெடாதிருக்கும். சில வகைகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அவ்வசதி இல்லாத வீட்டினர் அதை மருத்துவரிடம் முன்பே கூறினால் கரையும் மாத்திரையைப் பெற வாய்ப்புண்டு.

பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்தும் பொடித்தும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டிய நிலையை மாற்ற, உலக சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டு குழந்தைகளுக்கான இன்றியமையா மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. ஒரு தேக்கரண்டி நீரில் கரையும் மாத்திரைகளை அந்நிறுவனம் ஊக்குவிக்கிறது. இவை எடை குறைந்தவை, வெப்பத்தைத் தாங்குபவை, அளவுப் பிழைக்கு அதிகம் இடம் தராதவை.

அளவு

குழந்தை மருந்தின் அளவு வயதை விட எடையைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. ஒரே மருந்து பல செறிவுகளில் விற்கப்படுவதால் 'ஒரு மூடி' என்ற அளவு எதையும் குறிப்பதில்லை. காய்ச்சலுக்குத் தரப்படும் பாராசிட்டமால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. என்ற கணக்கில், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மி.கி. தேவை. அதைக் கீழ்க்கண்டவாறு கொடுக்கலாம்.

5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப் எனில்: 6 மி.லி.
5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப் எனில்: 3 மி.லி.
1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து எனில்: 1.5 மி.லி.

முதல் சிரப்புக்குக் கூறப்பட்ட 6 மி.லி. அளவைச் சொட்டு மருந்தில் எடுத்துக் கொடுத்தால், குழந்தைக்கு 600 மி.கி., அதாவது நான்கு மடங்கு சென்றுவிடும். மிகையான பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும். எனவே புதிய புட்டி வாங்கும்போதெல்லாம் அதன் செறிவைச் சரிபார்க்க வேண்டும். பாராசிட்டமாலின் இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி தேவை. 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் தரக்கூடாது. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு தெரியாமலேயே கூடிவிடும். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சமையலறைக் கரண்டிகள் ஒரே அளவினவாக இருப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2015 ஆம் ஆண்டு, கரண்டிக் கணக்கைக் கைவிட்டு மில்லிலிட்டர் அளவையே பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. அளவுக் கோடுகள் கொண்ட, ஊசி இல்லாத சிரிஞ்சு மிகத் துல்லியமான கருவியாகும். மருந்துக் கடைகளில் இது சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் நுனியில் சிறு மூடி இருந்தால் பயன்படுத்தும் முன் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது குழந்தையின் தொண்டைக்குள் போய்விடும்.

புகட்டும் முறை

கைக்குழந்தைகள்

குழந்தையை மடியில் தலை உயர்ந்திருக்குமாறு சாய்வாக வைத்துக்கொள்ள வேண்டும், மல்லாத்திக் கிடத்தக்கூடாது. ஒரு கையைக் கொடுப்பவரின் அக்குளுக்குக் கீழே விட்டு, மறு கையை மெல்லப் பிடித்துக்கொண்டால் குழந்தை தட்டிவிடாது. சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்புறத்திற்கும் ஈறுக்கும் இடையே வைத்து, ஒரு முறைக்கு அரை முதல் ஒரு மி.லி. வரை மெல்லச் செலுத்த வேண்டும். குழந்தை விழுங்கியதைக் கண்ட பின்னரே அடுத்ததைத் தர வேண்டும். நாவின் நடுவிலோ தொண்டையின் பின்புறத்திலோ பீய்ச்சினால் ஓங்கரிப்பும் புரையேற்றமும் ஏற்படும்.

ஓரளவு பசியுடன் இருக்கும் குழந்தை எளிதில் விழுங்கும். ஆகவே வெறும் வயிற்றில் தரக்கூடாத மருந்துகள் தவிர, மற்றவற்றைத் தாய்ப்பால் கொடுப்பதற்குச் சற்று முன் தரலாம். மருந்துக்குப் பின் தாய்ப்பால் கொடுத்தால் வாயில் தங்கிய கசப்பு நீங்கும், குழந்தையும் அமைதியடையும்.

ஒன்று முதல் மூன்று வயது வரை

இவ்வயதினர் எதையும் தாமே செய்ய விரும்புவர். 'மருந்து வேண்டுமா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்ற பதிலே வரும். மாறாக, 'பாலாடையில் குடிக்கிறாயா, சிரிஞ்சிலா?', 'அம்மா மடியிலா, தாத்தா மடியிலா?' எனத் தேர்வு கொடுத்தால் மருந்து குடிப்பது முடிவான ஒன்றாகவும், எப்படிக் குடிப்பது குழந்தையின் விருப்பமாகவும் அமையும். முதலில் பொம்மைக்குப் புகட்டுவது போல் விளையாடுவதும், வெறும் நீரைச் சிரிஞ்சில் எடுத்துக் குடித்துப் பழக்குவதும் அச்சத்தைக் குறைக்கும்.

மூன்று முதல் ஐந்து வயது வரை

இவ்வயதில் உண்மையைக் கூறுவது பயன் தரும். கசக்கும் மருந்தை 'இனிப்பாக இருக்கும்' என்று கூறிக் கொடுத்தால், அடுத்த வேளை குழந்தை நம்பாது. 'கொஞ்சம் கசக்கும், உடனே தண்ணீர் குடிக்கலாம்' என்பது போதும். மருந்தை மிட்டாய் என்று கூறுவது ஆபத்தானது; தனியாக இருக்கும்போது குழந்தை அதைத் தேடி எடுத்து முழுவதையும் குடித்துவிடக்கூடும். 'குடிக்காவிட்டால் ஊசி போட்டுவிடுவார்கள்' என்ற மிரட்டலும் பின்னர் தடுப்பூசிக்கும் மருத்துவமனைக்கும் அஞ்சும் நிலையை உருவாக்கும்.

உணவுடன் கலத்தல்

மருந்தின் சுவையை மறைக்க உணவில் கலப்பதற்குச் சில வரம்புகள் உள்ளன.

- ஒரு புட்டி பாலிலோ ஒரு கிண்ணம் கஞ்சியிலோ கலக்கக்கூடாது. குழந்தை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து சென்றது என்பது தெரியாது. வழக்கமான உணவையும் வெறுத்துவிடும். ஒரே வாயில் முடியக்கூடிய, ஒரு சிறு கரண்டி மசித்த வாழைப்பழமோ சர்க்கரை நீரோ போதும்.
- இரும்புச்சத்து மருந்தைப் பாலுடன் தரக்கூடாது. பாலிலுள்ள கால்சியம் இரும்பு உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும். எலுமிச்சைச் சாறு போன்ற வைட்டமின் சி உள்ளவை அதைக் கூட்டும்.
- ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பொட்டுலிசம் என்னும் தசைச் செயலிழப்பு நோயை உண்டாக்கலாம்.
- மெதுவாகக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடிக்கக்கூடாது. எந்த மாத்திரையையும் பொடிக்கும் முன் மருந்தாளுநரிடம் கேட்பது நல்லது.

வாந்தி எடுத்தால்

மருந்து கொடுத்து அரை மணி நேரத்திற்குப் பின் வாந்தி எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் தரத் தேவையில்லை. அதற்குள் எடுத்தால் மீண்டும் தருவதா என்பது மருந்தைப் பொறுத்தது. பாராசிட்டமால் போன்றவற்றை அதே அளவில் மீண்டும் தரலாம். வலிப்பு, இதய நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளில் மருத்துவரைக் கேட்காமல் தரக்கூடாது. ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்தால் மருந்தின் வடிவத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

ஊரகப் பகுதிகளில்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள சாலவாக்கம் போன்ற ஊர்களில் குழந்தைகளுக்கு மருந்து தரும் பொறுப்பு வீட்டோடு முடிவதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பல மருந்துகளைத் தாமே புகட்டுகின்றனர். புகட்டும் முறையைத் தாய்மாருக்குக் காட்டுகின்றனர். அரசுத் திட்டங்களில் வாய்வழி தரப்படுபவற்றுள் சில:

வைட்டமின் ஏ திரவம்: 9 ஆவது மாதத்தில் 1 மி.லி., பின்னர் ஐந்து வயது வரை ஆறு மாதங்களுக்கு ஒரு முறை 2 மி.லி. இதற்கென உள்ள அளவுக் கரண்டியில் தரப்படும்.

இரும்பு, ஃபோலிக் அமிலச் சிரப்: 6 மாதம் முதல் 5 வயது வரை, வாரம் இரு முறை 1 மி.லி. மலம் கருத்துப் போவது இதன் இயல்பான விளைவு. இதைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

குடற்புழு நீக்க மாத்திரை: தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஒன்று முதல் இரண்டு வயது வரை அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையில் பாதி தரப்படும். அதற்கு மேற்பட்டோருக்கு முழு மாத்திரை. சிறு குழந்தைகளுக்குக் கட்டாயம் பொடித்து நீரில் கலந்தே தர வேண்டும். அன்று நோயுற்றிருக்கும் குழந்தைக்குக் குணமான பின்னரே தரப்படும்.

உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்: வயிற்றுப்போக்கின்போது ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தரலாம். துத்தநாகம் 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. என 14 நாட்கள் தரப்படுகிறது. வயிற்றுப்போக்கு ஓரிரு நாட்களில் நின்றுவிடுவதால் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடும் வழக்கம் உள்ளது. 14 நாட்களும் தருவதே அடுத்து வரும் மாதங்களில் நோய் மீண்டும் வருவதைக் குறைக்கும்.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பகல் வேளை மருந்தைப் பாட்டியோ மூத்த பிள்ளையோ தருவர். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் இரு முறை கொடுத்துவிடுவதும், ஒருவரும் கொடுக்காமல் விடுவதும் நேரும். நாட்காட்டித் தாளில் வேளைக்கு ஒரு கோடு போட்டு வைப்பது இதற்கு எளிய தீர்வாகும்.

இனிப்புச் சிரப்பும் நச்சு ஆபத்தும்

குழந்தை மறுக்காமல் குடிக்கும் மருந்தே நல்ல மருந்து என்ற எண்ணத்திற்கு எதிரான சான்றுகள் வரலாற்றில் உள்ளன. 1937 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும் வகையில் ராஸ்பெரிப் பழச் சுவையுள்ள நீர்மமாக்கினர். அதைக் கரைக்கப் பயன்படுத்திய டைஎத்திலீன் கிளைக்கால் நச்சுப்பொருள் ஆகும். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள். இதன் விளைவாக, விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் 1938 ஆம் ஆண்டு அங்கு இயற்றப்பட்டது.

டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளில் பயன்படும் விலை குறைந்த வேதிப்பொருள். இனிப்பாக இருப்பதால் சுவையால் இதைக் கண்டறிய இயலாது. சிரப்புகளில் சேர்க்கப்படும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியவற்றில் இது கலந்துவிடுவதே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். 1986 ஆம் ஆண்டு மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும், 2022 ஆம் ஆண்டு ஆப்பிரிக்க நாடான காம்பியாவிலும் இதனால் உயிரிழப்புகள் ஏற்பட்டன.

2025 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சளி, காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிறுநீரகச் செயலிழப்பால் இறக்கத் தொடங்கினர். அவர்களுக்குக் 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப் தரப்பட்டிருந்தது. அதைத் தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரேசன் பார்மசூட்டிகல் நிறுவனம். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்.ஆர்.13 என்ற தொகுதியைச் சோதித்தபோது, அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பது தெரியவந்தது. அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 விழுக்காடு மட்டுமே. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். நிறுவனத்தின் உரிமம் நீக்கப்பட்டது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அக்டோபர் 13 அன்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது.

கோல்ட்ரிஃப் சிரப்பில் பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் ஆகிய மூன்றும் இருந்தன. இவற்றுள் பின்னிரண்டின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது. உயிரிழப்புகளுக்குப் பின் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக்கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அவை பொதுவாக ஏற்றவை அல்ல என்றும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

சிறு குழந்தைகளின் சளியும் இருமலும் பெரும்பாலும் தீநுண்மியால் வருபவை, தாமே குணமடைபவை. தாய்ப்பால், போதிய நீராகாரம், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, ஒரு வயதுக்கு மேல் சிறிது தேன் ஆகியவையே பெரும்பாலும் போதும். புட்டியிலுள்ள நச்சைப் பெற்றோரால் சோதித்து அறிய இயலாது. ஆனால் தேவையற்ற சிரப்பைத் தவிர்க்க இயலும். வாங்கிய மருந்தின் ரசீதையும், தொகுதி எண் உள்ள புட்டியையும் குழந்தை குணமாகும் வரை வைத்திருந்தால், ஐயம் எழும்போது அதிகாரிகளால் விரைந்து கண்டறிய முடியும்.

மருத்துவ உதவி நாட வேண்டிய நிலைகள்

மருந்து கொடுத்த குழந்தையிடம் பின்வருவன காணப்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

- சிறுநீர் மிகவும் குறைதல் அல்லது பல மணி நேரம் கழிக்காதிருத்தல்
- எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தல், பால் குடிக்க மறுத்தல்
- எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு
- புரையேறிய பின் தொடர் இருமல், வேகமான மூச்சு, மூச்சுவிடும்போது நெஞ்சு உள்வாங்குதல்
- முகம், உதடு வீக்கம், உடலெங்கும் தடிப்பு
- மருந்தைக் குழந்தை தானே எடுத்து மிகையாகக் குடித்திருத்தல்

மிகையாகக் குடித்த குழந்தையை வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலக்கூடாது. புட்டியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.